வாங்கி வந்த ஆர்க்கிட் வாடினால்

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே மல்லிகைச் சரம் வாங்கப் போனவர்கள், கையில் ஒரு ஆர்க்கிட் தொட்டியையும் தூக்கிக்கொண்டு திரும்புவதை அடிக்கடி பார்க்கிறேன். வாங்கிய அன்று இலை மெழுகு பூசியதுபோல் இருக்கும். தண்டில் எட்டுப் பூ, நுனியில் நாலு மொட்டு. மூன்றாவது வாரம் மொட்டு மஞ்சளாகிக் கீழே விழும். நாலாவது வாரம் அடி இலை துவண்டு, நடுவில் சுருக்கம் விழும். வீட்டில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வருவார்கள்: தண்ணீர் போதவில்லை. ஒரு டம்ளர் கூடுதலாக ஊற்றுவார்கள். மும்பையில் சாகும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரு டம்ளர்தான் முடித்துவைக்கிறது.

துளசிக்குக் காலையில் நீர் விடாவிட்டால் மாலையில் தலை சாயும். ஊற்றினால் ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஆர்க்கிட் அப்படிப்பட்ட செடி இல்லை. மரக்கிளையில் தொற்றி, மழைக்கும் காய்ச்சலுக்கும் ஈடுகொடுத்து வளர்ந்த குலம் அது. தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைத்திருப்பதால், வேர் செத்த பிறகும் மூன்று நாலு வாரம் பச்சையாகவே நிற்கும். அதனால் இன்று தெரியும் வாட்டத்துக்கு இன்றைய தவறு காரணம் அல்ல. போன மாதம் நடந்த ஒன்று, பல நேரம் நீங்கள் வாங்குவதற்கு முன்பே நடந்த ஒன்று, இப்போதுதான் இலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. வேர் காய்ந்தாலும் இலை துவளும், வேர் அழுகினாலும் இலை துவளும். இரண்டு வாட்டமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றுக்கு நீர் மருந்து, மற்றதற்கு நீரே விஷம். இலையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம் என்று இந்த அத்தியாயம் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

முதல் அரை மணி நேரம்

தண்ணீர்ச் செம்பைக் கீழே வையுங்கள். உரம், பூஞ்சை மருந்து, அரிசி கழுவிய நீர் எதுவும் இப்போது வேண்டாம். செடியை மற்றச் செடிகளிடமிருந்து பிரித்து, வெளிச்சம் விழும் இடத்தில் பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் வையுங்கள். பளபளப்புத் தாள் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள். பரிசாக வரும் ஆர்க்கிட் பெரும்பாலும் ஓட்டையில்லாத பீங்கான் ஜாடிக்குள் பிளாஸ்டிக் தொட்டியோடு இறக்கி வைக்கப்பட்டிருக்கும். தூக்கிப் பாருங்கள். ஜாடியின் அடியில் நீர் தேங்கியிருந்தால் பாதிக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு தாளில் மூன்று விவரம் எழுதுங்கள்: வாங்கிய தேதி, அன்று முதல் எத்தனை முறை நீர் விட்டீர்கள், எந்த இடத்தில் வைத்தீர்கள். நினைவில் இருப்பது போதும் என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் மூன்று பேர் ஆளுக்கு ஒரு முறை ஊற்றியது எழுத உட்காரும்போதுதான் வெளியே வரும்.

உண்மையில் வாட்டம்தானா?

நல்ல செடியையே நோயாளி என்று நினைத்துக் கெடுப்பவர்கள் உண்டு. கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபலனாப்ஸிஸ், பட்டாம்பூச்சி வடிவில் அகன்ற பூ விடும் வகை. அதன் பூ இரண்டு மூன்று மாதம் நிற்கும். பிறகு தண்டின் அடியில் முதலில் மலர்ந்த பூவிலிருந்து வரிசையாக வாடி உதிரும். அது முதுமை, நோய் இல்லை. நீங்கள் வாங்கும்போதே அந்தப் பூ ஒரு மாதம் பழையதாக இருந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் கீழே உள்ள ஒரே ஓர் இலை மெதுவாக மஞ்சளாகி விழுவதும் இயல்புதான். இன்னொரு ஆர்க்கிட் வகையான டென்ட்ரோபியத்தில் பூத்து முடித்த பழைய தண்டு இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அதைக் காய்ந்த குச்சி என்று வெட்டிவிடாதீர்கள். அது செடியின் களஞ்சியம். பச்சையாகவோ கெட்டியாகவோ இருக்கும்வரை புதுத் தண்டுக்குச் சோறு போடும்.

மலராத மொட்டு மஞ்சளாகி உதிர்வது வேறு விஷயம். பாலிஹவுஸின் ஈரக் காற்றிலிருந்து லாரி, கடை, டாக்ஸி, கடைசியில் ஏசி அறை என்று நாலு வானிலை மாறி வந்த செடி முதலில் கைவிடுவது மொட்டைத்தான். அதோடு, பழுக்கும் பழங்கள் எத்திலீன் வாயுவை விடுகின்றன. மே மாதம் வைக்கோலில் அடுக்கிய ஹாபூஸ் பெட்டி இருக்கும் அறையிலோ, வாழைத்தார் தொங்கும் சமையல்கட்டிலோ மொட்டுவிட்ட ஆர்க்கிட்டை வைத்தால் இரண்டு மூன்று நாளில் மொட்டு சுருங்கும். ஊதுபத்திப் புகையும் அதே வேலையைச் செய்யும் என்பதால் சுவாமி அலமாரி பக்கம் வேண்டாம். மொட்டு மட்டும் உதிர்ந்து இலையும் வேரும் கெட்டியாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள், அவ்வளவுதான். செடி பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று இலை சேர்ந்து துவண்டாலோ, நடு இலை நிறம் மாறினாலோ, தண்டின் அடி மெத்தென்று அமுங்கினாலோ தள்ளிப் போடாதீர்கள்.

வேரைப் பார்ப்பது

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் குடியிருக்கும் அக்கா ஒருவர் ஒரு மழைக்காலத்தில் என்னிடம் சொன்னார்: “ஏ தங்கச்சி, எல எல்லாம் தோல் மாதிரி சுருங்கிப் போச்சு பாத்துக்கோ. தண்ணி ஊத்தத்தான செய்யுதேன்!” போய்ப் பார்த்தேன். தொட்டியில் மண்ணுக்குப் பதில் நிரப்பியிருந்த பாசியின் மேற்பகுதி காய்ந்து மொரமொரவென்று இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவர் தினமும் ஊற்றியிருக்கிறார். தொட்டியிலிருந்து செடியை உருவியபோது நடுவில் எலுமிச்சை அளவுக்கு ஓர் உருண்டைப் பாசி, பிழிந்தால் நீர் ஒழுகும் நிலையில் இருந்தது. அதைச் சுற்றியிருந்த வேர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அந்த உருண்டை பல ஃபலனாப்ஸிஸ் தொட்டிகளில் இருக்கும். பண்ணையில் சின்னக் கன்றாக இருந்தபோது வைத்த பாசி அல்லது பஞ்சுக் கட்டியை எடுக்காமல், அப்படியே பெரிய தொட்டிக்கு மாற்றி, சுற்றிலும் புதுப் பாசியை அழுத்தி நிரப்பிவிடுகிறார்கள். பண்ணையில் அது தவறில்லை. அங்கே காற்று ஓடும், அளந்து நீர் விடுவார்கள். நம் வீட்டில் வெளிப்பாசி இரண்டு நாளில் காய்ந்துவிடும், நடுக்கட்டி பத்து நாளானாலும் காயாது. அதனால் புதிதாக வந்த செடி வாடினால் பூவோடு இருந்தாலும் தயங்காமல் உருவிப் பாருங்கள். பூக்கும்போது தொட்டி மாற்றக் கூடாது என்ற விதி ஆரோக்கியமான செடிக்குத்தான்.

பிளாஸ்டிக் தொட்டியைச் சுற்றிலும் மெதுவாக அமுக்கி, செடியை அடித்தண்டில் பிடித்து இழுங்கள். வராவிட்டால் தொட்டியை வெட்டிவிடுங்கள், வேரை விடப் பிளாஸ்டிக் பெரிதில்லை. பாசியைக் குழாய் நீரில் கழுவிக் கழுவி விரலால் பிரித்தெடுங்கள். இப்போது வேர் தெரியும்.

ஆர்க்கிட் வேரின் மேல் பஞ்சுபோன்ற ஓர் உறை உண்டு. வெலமென் என்பார்கள். மழையை நொடியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்வது அதன் வேலை. உலர்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்ததும் பச்சை. நல்ல வேர் விரலுக்குக் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை அழுத்தினால் பழுப்பு நீர் கசியும். உறை உருவிக்கொண்டு வந்து உள்ளே நூல்போன்ற நரம்பு மட்டும் கையில் நிற்கும். வறண்டு செத்த வேர் தட்டையாக, காகிதம்போல் இருக்கும், நனைத்தாலும் நிறம் மாறாது. ஒரு எச்சரிக்கை: வெளிச்சம் படாமல் தொட்டிக்குள் இருந்த வேர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை படிந்திருக்கலாம், ஆனாலும் உயிரோடு இருக்கும். நிறத்தை வைத்து வெட்டாதீர்கள், கெட்டித்தன்மையை வைத்து வெட்டுங்கள். பதற்றத்தில் நல்ல வேரையும் சேர்த்து நறுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

கத்தரிக்கோலை அடுப்புத் தீயில் காட்டி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். அடுத்த செடிக்குப் போகும் முன் மறுபடி தீயில் காட்டுங்கள். அழுகியதை நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள். வெட்டிய முனையில் பட்டைப்பொடி தொடலாம், அது காயத்தை உலர்த்தும். உலர்த்துவது அதன் குணம் என்பதாலேயே நல்ல வேரின் மேல் தூவக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி நுரை பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது செத்ததோடு உயிருள்ள வேர்நுனியையும் சுடுகிறது.

பிறகு செடியை நிழலில், ஃபேன் காற்று மெல்லப் படும் இடத்தில் இரவு முழுக்க வெறும் வேரோடு கிடத்துங்கள். மனம் கேட்காது. மரக்கிளையில் அதன் வேர் எப்போதும் வெறுமையாகத்தான் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை தொட்டியில் வைத்து, மூன்று நாள் கழித்து முதல் நீர் விடுங்கள்.

வேரில் பாதிக்கு மேல் போயிருந்தால் பூந்தண்டை வெட்டி டம்ளர் நீரில் வையுங்கள். இந்த இடத்தில்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். பூவுக்காகத்தானே வாங்கினோம் என்று கேட்கிறார்கள். வேரில்லாத செடி பூவைத் தாங்கச் சேமிப்பையெல்லாம் செலவழித்துவிட்டுப் போய்விடும். வெட்டிய தண்டு டம்ளரில் ஒன்றிரண்டு வாரம் நன்றாகவே நிற்கும்.

எதில் வைப்பது?

மும்பைக்கு என் தீர்ப்பு: கரி, செங்கல் சில்லு, கொஞ்சம் தேங்காய் மட்டைத் துண்டு. இஸ்திரி போடுபவரிடம் கிடைக்கும் மரக்கரியே போதும். நன்றாக வெந்த துண்டுகளை எடுத்து, நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவி ஒரு நாள் ஊறவையுங்கள். மட்டையில் உப்பும் துவர்ப்பும் இருக்கும். மூன்று நாள் ஊறவைத்து, தினம் நீரை மாற்றிய பிறகே பயன்படுத்தலாம். பாசி வேண்டுமென்றால் நவம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில் மேலே ஒரு பிடி மட்டும்.

தொட்டி மண்ணாலானதாக இருந்தால் நல்லது. சுட்ட மண் தானும் நீரை உறிஞ்சி ஆவியாக விடும். தாராவி கும்பார்வாடாவில், குஜராத்திலிருந்து வந்து குடியேறிய குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகச் சக்கரம் சுற்றுகின்றன. அங்கே விளக்கும் பானையும் வாங்கப் போகும்போது, பக்கவாட்டில் ஓட்டை உள்ள தொட்டி வேண்டும் என்று கேளுங்கள். சூளைக்குப் போகும் முன் சொன்னால்தான் ஓட்டை போட முடியும், சுட்ட பிறகு துளையிட்டால் விரியும். அளவு சின்னதாக இருக்கட்டும். மிஞ்சியிருக்கும் வேர் அடங்கினால் போதும். பெரிய தொட்டி வைத்தால் சீக்கிரம் வளரும் என்பது ரோஜாவுக்குச் சரியாக இருக்கலாம், ஆர்க்கிட்டுக்குப் பெரிய தொட்டி என்றால் அதிக நாள் ஈரம் என்றே பொருள்.

மழையும் காற்றும்

சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஜூலை மாதச் சராசரி மழை மட்டும் 800 மில்லிமீட்டரைத் தாண்டும். சென்னைக்கு வருஷம் முழுக்கச் சுமார் 1,400. நம் ஆர்க்கிட்டுகளில் பாதி இந்த ஒரு மாதத்தில்தான் போகின்றன. ஆனால் அதே மழையில், மும்பையை விட்டுச் சஹ்யாத்ரி மலையேறினால் மாமரத்திலும் பலாவிலும் தொங்கும் ஓர் ஆர்க்கிட்டைப் பார்க்கலாம். மராத்தியர்கள் அதைச் சீதேச்சி வேணி, சீதையின் பூஞ்சடை, என்கிறார்கள். அறிவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. மழைக்காலம் முழுக்க அது நனைந்துகொண்டே இருக்கும், அழுகுவதில்லை. அதன் வேர் காற்றில் இருக்கிறது. மழை நின்ற அரை மணியில் உலர்ந்துவிடும். செடியைக் கெடுப்பது மழை இல்லை, உலர முடியாத தொட்டி.

இதை உலகம் விலை கொடுத்துத்தான் கற்றது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போன வெப்பமண்டல ஆர்க்கிட்டுகளை, சூடும் ஈரமும் வேண்டும் என்று நினைத்து மூடிய கண்ணாடி அறைகளில் வேகவைத்தார்கள். ஏராளமானவை செத்தன. 1830களில் சாட்ஸ்வொர்த் தோட்டத்தின் ஜோசப் பாக்ஸ்டன் ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, சூட்டைக் குறைத்தார். செடிகள் பிழைத்தன. அந்தத் தோட்டத்துக்காக ஜான் கிப்சன் என்பவர் 1835இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, இன்றைய மேகாலயாவின் காசி மலைகளிலிருந்து திரட்டிய ஆர்க்கிட்டுகளோடு 1837இல் திரும்பினார். நம் நாட்டுச் செடிக்குக் காற்று வேண்டும் என்பதை கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். நாம் இன்றும் அதை ஜன்னல் மூலையில், திரைச்சீலைக்குப் பின்னால் வைக்கிறோம்.

நான் செம்பூரில் முதலில் வாங்கிய ஃபலனாப்ஸிஸ் ஒரு ஜூலையில் இரண்டே இரவில் போனது. “தெனமும் ஒரு கை தண்ணி தெளிங்கம்மா, போதும்” என்று விற்றவர் சொன்னதை நம்பி இரவில் தெளித்தேன். இலைகள் சேரும் நடுக்குழியில் நீர் தேங்கியது. காட்டில் இந்தச் செடி கிளையில் சாய்ந்து, இலை கீழ்நோக்கித் தொங்க வளர்வதால் குழியில் நீர் நிற்காது. தொட்டியில் நாம் அதை நிமிர்த்தி வைக்கிறோம். நடு இலையைத் தொட்டதும் கையோடு வந்தது, அடியில் கறுத்து நாற்றம். ஃபலனாப்ஸிஸுக்கு வளரும் முனை ஒன்றுதான். அது அழுகினால் அபூர்வமாக அடியிலிருந்து பக்கக் கன்று வரும், பெரும்பாலும் வராது. டென்ட்ரோபியத்துக்குத் தண்டுகள் பல, ஒன்று போனாலும் இன்னொன்று எழும்பும். அதனால்தான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, பூ சிறியதாக இருந்தாலும், டென்ட்ரோபியத்தையே சொல்கிறேன். நீர் விடுவதைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். குழியில் நீர் நின்றால் டிஷ்யூ பேப்பரின் முனையைத் திரித்து உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். தொட்டியைச் சற்றே சாய்த்து வைத்தாலும் போதும்.

இலையில் எண்ணெய்க் கறைபோல் ஊறிய புள்ளி தோன்றி, காலையில் மிளகளவு இருந்தது மாலையில் எட்டணா அளவுக்குப் பரவினால் அது பாக்டீரியா அழுகல். அழுகிய மீன் நாற்றம் அடிக்கும். இது ஒன்றில் மட்டும் நிதானம் கூடாது. இரவு பன்னிரண்டு மணியானாலும் சரி, கறைக்கு அப்பால் ஓர் அங்குலம் நல்ல இலையையும் சேர்த்து வெட்டி, தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். வெட்டுமுனை உலரும்வரை ஃபேன் ஓடட்டும். வெட்டிய கருவியைத் தீயில் காட்ட மறக்காதீர்கள்.

வெயில், பூச்சி, வைரஸ்

மேற்குப் பார்த்த பால்கனிக்கு அக்டோபர் வெயில் தனிச் சோதனை. நிழல்வலைக்குள் வளர்ந்து வந்த இலை நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெந்துவிடும். வெயில்பட்ட பக்கம் மட்டும் வெளிறி, பிறகு பழுப்பாகிக் காகிதம்போல் உலரும். பரவாது, நாறாது. வேறுபாடு இதுதான்: அழுகல் ஈரமாக இருந்து பரவும், வெயில்காயம் உலர்ந்து நின்றுவிடும். அந்த இலையை வெட்ட வேண்டாம், மீதிப் பச்சை இன்னும் உழைக்கும். இரண்டு மணி வாக்கில் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாகத் தெரிந்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணித் திரை கட்டுங்கள்.

இலைக்கடியிலும் இலை தண்டோடு சேரும் இடுக்கிலும் பஞ்சுப் பொட்டுபோல் இருப்பது மாவுப்பூச்சி. பழுப்புச் செதிலாக ஒட்டியிருப்பது செதில் பூச்சி. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைத்தெடுங்கள். வாரம் ஒருமுறை, நாலு வாரம் விடாமல். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிக்கலாம். குழந்தைகள் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் கடையில் விற்கும் பூச்சிமருந்து எதையும் அடிக்காதீர்கள். ஒரு செடிக்காக அந்த அபாயம் வேண்டாம்.

புது இலையிலும் வெளிறிய கோடு, கறுத்த குழிப்புள்ளி, பூவில் நிறம் உடைந்த திட்டு என்று திரும்பத் திரும்ப வந்தால் வைரஸாக இருக்கலாம். சிம்பிடியம் மொசைக் வைரஸ் உலகெங்கும் ஆர்க்கிட் வளர்ப்பவர்களின் பெரிய தலைவலி. அதற்கு மருந்து கிடையாது. பெரும்பாலும் கத்தி வழியாகவே செடிக்குச் செடி தாவுகிறது. மற்ற ஆர்க்கிட்டுகள் வீட்டில் இருந்தால் அந்த ஒன்றை அப்புறப்படுத்துங்கள்.

தண்ணீரும் இடமும்

மாநகராட்சிக் குழாயில் வருவது பாத்ஸா, தான்சா, வைதரணா முதலிய நீர்த்தேக்கங்களின் மழைநீர். உப்புக் குறைவு, ஆர்க்கிட்டுக்கு நல்லது. ஆனால் செம்பூர்ப் பக்கம் பல சொசைட்டிகளில் டேங்கர் நீரோ போர்வெல் நீரோ கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியில் கலக்கிறது. கரியின் மேலும் தொட்டியின் விளிம்பிலும் வெள்ளைப் பொடி படிந்து, பச்சையாக இருக்க வேண்டிய வேர்நுனிகள் பழுப்பாகக் கருகினால் உப்பைச் சந்தேகியுங்கள். சமையலறைக் குழாயில் நேராக வரும் நீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். மழைக்காலத்தில் வாளி வைத்து மழைநீர் பிடிக்கலாம், முதல் சில நாள் மழையை மட்டும் விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை தொட்டியைக் குழாயடியில் வைத்து ஐந்து நிமிடம் நீர் ஓடவிட்டால் படிந்த உப்பு கரைந்து போகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்விக்கு எண் சொல்வது ஆபத்து. கரியில் இருக்கும் செடிக்கு ஏப்ரலில் தினமும் வேண்டியிருக்கலாம், ஜூலையில் பத்து நாள் வேண்டாமல் இருக்கலாம். நீர் விட்டதும் தொட்டியைத் தூக்கிக் கனத்தை மனதில் வையுங்கள். கனம் குறைந்து வேர் வெள்ளியானால் விடுங்கள்.

தாராவியின் சந்துகளில் பிரச்சினை நீர் மட்டும் இல்லை, வெளிச்சமும்தான். கூரைமேல் நீலத் தார்ப்பாய் ஏறிவிட்டால் ஜூனிலிருந்து அறை மங்கிவிடும். வெளிச்சம் குறைந்தால் செடி குடிக்கும் நீரும் குறையும். ஊற்றும் அளவு மாறாவிட்டால் அழுகல் வரும். அந்த அக்காவின் வீட்டில் நடந்தது இதுவேதான். இப்போது அவர் மாடி ஏணியின் மேல்படிக்கருகே, 20 வாட் வெள்ளை எல்இடி குழல்விளக்கின் கீழ் ஓரடி தள்ளிக் கூடையில் தொங்கவிட்டிருக்கிறார். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை விளக்கு. தகரக் கூரைக்கு ஒட்டித் தொங்கவிட்டால் சூட்டில் வெந்துவிடும், கையை உயர்த்தினால் வெக்கை தெரியாத உயரமே சரி. மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் கிழக்குப் பார்த்த ஜன்னல் கிரில் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். காலை வெயில் ஒன்பதரை வரை படட்டும்.

வேரே இல்லாவிட்டால்

செடியை ஈரப் பாசிமேல் வைத்துப் பிளாஸ்டிக் பையில் மூடச் சொல்வார்கள். குளிர்நாட்டு முறை அது. நம் 32 டிகிரியில் மூடிய பை இரண்டு நாளில் அழுகலைக் கொண்டுவரும். அகன்ற வாயுள்ள ஒளிபுகும் டப்பாவின் அடியில் ஒரு பிடி ஈரப்பாசி, அதற்கு ஓர் அங்குலம் மேலே செடியின் அடி தொடாமல் நிற்க வேண்டும், வாய் திறந்தே இருக்க வேண்டும். நிழலான வெளிச்சம். புதுவேர் தலைகாட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். வருமென்று உறுதி சொல்ல முடியாது. இரண்டு இலையாவது கெட்டியாக இருந்தால் முயன்று பாருங்கள். தேன், சர்க்கரை நீர் எதுவும் வேண்டாம். பச்சை நுனியோடு வேர் ஓர் அங்குலம் நீண்ட பிறகு 19:19:19 உரம் லிட்டருக்கு அரைகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். அதற்கு முன் உரம் போட்டால் உறிஞ்ச வேர் இல்லாமல் உப்பாகத்தான் தங்கும்.

சுருங்கிப்போன பழைய இலை மறுபடி விரியும் என்று காத்திருக்காதீர்கள். சில விரியும், பல விரியாது. செடி தேறியதா என்பதைப் புது வேரும் புது இலையும்தான் சொல்லும்.

அடுத்த முறை வாங்கும்போது

ஜூன் முதல் செப்டம்பர் வரை வாங்காதீர்கள். நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். இரவு குளிர்ந்திருக்கும், காற்று உலர்ந்திருக்கும், செடி புது இடத்துக்குப் பழகப் போதிய நாள் கிடைக்கும். கடையில் பூவைப் பார்ப்பதற்கு முன் தொட்டியைத் திருப்பிப் பாருங்கள். ஒளிபுகும் தொட்டியானால் வேர் தெரியும். தண்டை இரு விரலால் பிடித்து மெல்ல அசைத்தால் செடி ஆடக் கூடாது, ஆடினால் பிடிக்க வேர் இல்லை. எல்லாப் பூவும் மலர்ந்துவிட்டதை விட, பாதி மொட்டாக இருப்பதை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மூன்று வாரம் மற்றச் செடிகளை விட்டுத் தள்ளி வையுங்கள். வாங்கிய தேதியை ஓர் ஐஸ் குச்சியில் எழுதித் தொட்டியில் செருகுங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது வாடிக்கொண்டிருக்கும் ஆர்க்கிட் ஒன்று இருந்தால், நாளைக் காலை செம்பை எடுக்கும் முன் தொட்டியைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் தண்ணீர் விட வேண்டாம். உருவி வேரைப் பாருங்கள்.